நாலாம் நம்பர் கூண்டின் கை

பொம்மைப் பெட்டியின் மேலிருந்த படத்தில் தவசிக்கனி சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே இன்னாசிக்கு அடிவயிற்றிலிருந்து எரிச்சல் கிளம்பியது. ஒன்றரை வருஷமாக அவர் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த சிரிப்பு அது. கடைத்தெரு விளம்பரத் திரையில் வந்தால் எதிர்ப்பக்கம் பார்த்து நடப்பார். டிவியில் வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். தெருப்பிள்ளைகள் அந்தப் பொம்மையைப்போலக் கையை நீட்டி மடக்கி விளையாடினால், "போங்கல அங்குட்டு" என்று விரட்டுவார். அப்படிப்பட்ட மனுஷன் இன்றைக்கு அதே பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால் காரணம் ஒன்றே ஒன்றுதான். புதிதாக வந்த பெட்டிகளில் நண்டின் நாலாவது கால் கழன்று விழுகிறதாம். இப்போது ஐஸ் பாக்டரியில் அவரோடு வேலை பார்க்கிறவன் சொன்னான். தவசிக்கனி பேர் போட்ட நண்டு நொண்டியாகி நிற்பதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பெரிய ஆசையெல்லாம் இல்லை.

நண்டு என்பது ஆட்கள் வைத்த பேர். கடல் ஊருக்குள் வர ஆரம்பித்த பிறகு, தூத்துக்குடியிலிருந்து வடக்கே வேம்பார் வரைக்கும் கடலுக்குள் ஒரு மதில் கட்டினார்கள். அந்த வேலைக்கு வந்த இயந்திரம் அது. ஆறு கால், எட்டு மாடி உயரம். நாற்பது டன் கான்கிரீட் கல்லைக் கொடுக்கில் கவ்விக் கடலடியில் கொண்டுபோய் வைக்கும். ஓட்டுகிறவர்கள் கரையிலேயே, ஆளுக்கொரு அடைத்த கூண்டுக்குள், கைகளில் உறை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்து ஓட்டுவார்கள். இன்னாசியும் தவசிக்கனியும் அப்படி மூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் ஓட்டியவர்கள். மதில் முடிந்ததும் கடலரண் கம்பெனி அந்த நண்டை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'தவசிக்கனி பதிப்பு' என்று விற்க ஆரம்பித்தது. உலகம் பூராவும் சேகரிக்கிறவர்கள் அதை வாங்கிப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கினார்கள்.

இன்னாசி பெட்டியில் ஒட்டியிருந்த சீலை நகத்தால் கிழித்தார். நண்டை எடுத்துத் தரையில் வைத்தார். நாலாவது காலைப் பிடித்து ஆட்டினார். உறுதியாக இருந்தது. ஐந்தாவதை ஆட்டினார். அதுவும் அப்படியே. "சே!" என்று எரிச்சலில் பொத்தானை அழுத்தினார்.

நண்டு எழுந்து நின்றது. கட்டைவிரல் பருமன் கல் ஒன்றைக் கவ்வியது. கொடுக்கை நீட்டியது. கல்லை இறக்கப்போகிற இடத்தில் ஒரு கணம் நின்றது. ஒரு நூலளவு பின்னுக்கு இழுத்து, இடப்பக்கமாகச் சுற்றி வந்து, பூப்போலக் கல்லை வைத்தது.

இன்னாசி குனிந்து மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் அவருடைய திரையும் இப்படி மேலேயிருந்துதான் காட்டும். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே நிற்றல், அதே இழுப்பு, அதே சுற்று. வலது மணிக்கட்டு அவரை அறியாமல் கூடவே திரும்பியது. எலும்பு 'டக்' என்றது.

"கதவச் சாத்திக்கிட்டு என்ன செய்யுதீங்க?" என்று செலஸ்டின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தரையைப் பார்த்தாள். "ஆத்தீ! அந்த மனுசன் பொம்மையா? நீங்களா வாங்குனீங்க?"

"ஏட்டி, இங்க வா. இது என் கையி."

"எது?"

"இந்த நண்டு அசையுது பாத்தியா, இது என் கையி. சின்னதுல வள்ளத்துலேர்ந்து விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சுதுல்லா. அன்னையிலேர்ந்து இந்த எடம் வந்தா திரும்பாது. கொஞ்சம் பின்னால இழுத்துத்தான் சுத்தி வரணும். பாரு, அப்பிடியே செய்யுது!"

செலஸ்டின் பொம்மையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "ஒரு மனுசன் கையி பொம்மைக்குள்ள எப்பிடிங்க போவும்?"

"நாங்க உறை மாட்டிக்கிட்டுத்தான வேல செஞ்சோம். எந்த வெரலு எப்ப அசையுது, எங்கன நிதானிக்கோம், எங்கன அவசரப்படுதோம், அம்புட்டையும் அந்த உறை எழுதி வச்சுக்கிடும். கம்பெனிக்காரன் அதுல ஒருத்தன் கையத் தேர்ந்தெடுத்து எல்லா நண்டுக்கும் ஊத்திட்டான். அதான் இப்ப அடுத்த ஊரு மதில்ல ஆளில்லாமலே நண்டு ஓடுது. நம்ம அறுநூறு பேருக்கும் வேல போச்சு. அதையே சுருக்கிப் பொம்மைக்கும் ஊத்தியிருக்கான்."

"அது தவசிக்கனி அண்ணன் கையின்னுதான சொன்னாங்க? அவரு டிவியிலகூடச் சொன்னாரே. கல்ல வைக்கதுக்கு முன்னால கடல் அன்னைட்ட ஒரு நிமிசம் உத்தரவு கேப்பாராம். அதான் அந்த நிப்பாட்டாம்."

"உத்தரவா!" இன்னாசி தலையில் அடித்துக்கொண்டார். "எலும்பு திரும்பாம நான் படுத பாட்ட, இவன் கடல்ட்ட உத்தரவு கேக்கானாம்! வெளங்குமா இது?"

விஷயம் இதுதான். இன்னாசிக்குப் புழுக்கம் ஆகாது. தவசிக்கனிக்கு ஏசிக் காற்று பட்டால் சளி பிடித்துக்கொள்ளும். நாலாம் நம்பர் கூண்டில் ஏசி மூஞ்சியில் அடிக்கும். அது தவசிக்கனியுடையது. ஐந்தாம் நம்பர் அடுப்பங்கரை மாதிரி. அது இன்னாசியுடையது. முறைப்படி கூண்டு மாற்றப் பதினோரு கையெழுத்து வேண்டும் என்றார்கள். பதினோரு கையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது என்று இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவரவர் கார்டைத் தேய்த்து அவரவர் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது. அப்புறம் கூண்டுகளுக்குப் பின்னால் ஒயர் போகிற சந்து வழியாக ஊர்ந்து இடம் மாறிக்கொள்வது. தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும், அதனால் மூன்றாவது ஆளுக்கு மூச்சு விடவில்லை. மூன்று வருஷம், இரண்டு தொந்திக்காரர்கள், ஒரு குளிர்ந்த காற்றுக்காகத் தினமும் ஊர்ந்தார்கள்.

கல் கோணலாக இருக்கிறது என்று இன்னாசி பேருக்கு மெமோ வரும். அது தவசிக்கனி வைத்த கல். அன்றைக்கு அவன் செலவில் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொள்வார்கள். குற்றம் ஆள் மாறி வந்தால் பாராட்டும் ஆள் மாறித்தான் போகும் என்பது இன்னாசிக்கு எப்படி உறைக்காமல் போனது? தவசிக்கனியைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வாரம் கையைப் பதிவு செய்தார்கள் என்று ஊரே பேசியது. இவரும் நம்பினார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் பொம்மை அசைவதைப் பார்த்திருந்தால் போதும். வயிற்றெரிச்சல் பார்க்க விட்டால்தானே.

மறுநாளே கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடி போட்ட ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். அவர் கையை நீட்டி, இழுத்து, சுற்றிக் காட்டினார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இதே மாதிரி இதுவரைக்கும் பதினாறு பேர் வந்துட்டாங்க. எல்லாரும் இதை அப்படியே செஞ்சு காட்டுறாங்க. பொம்மையைப் பாத்துப் பாத்து இப்ப யாருக்கும் வருது சார். என் தம்பி பையன்கூடச் செய்வான்."

"அம்மா, என் மணிக்கட்டு ஒடஞ்சிருக்கும்மா. எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க."

"பதினாறுல மூணு பேருக்கு ஒடஞ்சிருந்தது சார். ரிக்கார்டுல நாலாம் நம்பர் கூண்டு, தவசிக்கனின்னு இருக்கு. அவரே வந்து 'நான் இல்லை'ன்னு எழுதிக் குடுத்தா பாக்கலாம்."

அதாவது, உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் சாட்சி சொல்ல முடியும். அது தவசிக்கனியின் வாய்.

இன்னாசி அங்கேயிருந்து நேரே அவன் வீட்டுக்கு விட்டார் வண்டியை. ஒன்றரை வருஷமாக மிதிக்காத வாசல். ஜன்னல் கண்ணாடி இரண்டு உடைந்து அட்டை ஒட்டியிருந்தது. சுவரில் கரியால் 'கைய வித்தவன்' என்று எழுதி, யாரோ அழித்து, மறுபடி யாரோ எழுதியிருந்தார்கள். அந்தப் பேரை வைத்ததே இன்னாசிதான். ஆட்களுக்கு வேலை போன வாரம், துறைமுகத்து டீக்கடையில், "ஏ, நாமெல்லாம் கைய வச்சுப் பொழைச்சோம், இவன் கைய வித்துப் பொழைக்கான்" என்று அவர் சொன்னது அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்தச் சாயங்காலம் அவருக்கு எவ்வளவு இனித்தது! இப்போது அந்தக் கரி எழுத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

உள்ளே இன்னொரு ஆள் இருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வெள்ளைப் பருத்தி உறை. கோயம்புத்தூர்க்காரர், கதிர்வேலுச்சாமி என்று பேர். பம்புசெட் கம்பெனி முதலாளி. வீட்டில் ஒரு மாடி முழுக்க இந்த மாதிரிப் பொம்மை இயந்திரங்கள்தான் என்றார். நிலாவில் சாலை போட வந்த உருளை, மலையைக் குடையும் புழு, பாலம் நெய்யும் சிலந்தி, எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு. ஒன்று பார்க்க, ஒன்று பிரிக்காமல் வைக்க.

"வாரும் வே" என்றான் தவசிக்கனி. குரல் பிசிறியது. ஆள் இளைத்திருந்தான். "இவருக்கு என் கைய நேர்ல பாக்கணுமாம்."

"ஆமாங்க. கையெழுத்தெல்லாம் வேண்டாமுங்க. அந்த நிறுத்தம் இருக்குதுங்களே, அதை ஒருக்காச் செஞ்சு காட்டுனீங்கன்னாப் போதும். அதுக்காவத்தான் அத்தனை தூரத்துல இருந்து வந்தனுங்க" என்றார் கதிர்வேலுச்சாமி. கோயிலில் நிற்கிறவர்போலக் கைகட்டி நின்றார்.

தவசிக்கனி இன்னாசியின் பக்கம் பார்க்காமல் வலது கையை நீட்டினான். நிறுத்தினான். பின்னுக்கு இழுத்தான். சுற்றினான். கோயம்புத்தூர்க்காரர் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "அடடா அடடா" என்றார்.

இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. திருட்டு என்பதுகூட இரண்டாம்பட்சம். இவ்வளவு மோசமாகவா செய்வது? ஆட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவன் ஆளுக்கு ஊசி போட்டதுபோல இருந்தது.

"அப்பிடி இல்ல வே! இழுக்கும்போதே சுத்தணும், இழுத்துட்டுச் சுத்தக் கூடாது. இங்க பாரும்" என்று முன்னால் வந்து தன் கையை நீட்டினார். நாற்பது வருஷமாக அவரோடு இருக்கிற உடைந்த மணிக்கட்டு, டக் என்று சொல்லிவிட்டுச் சுற்றி வந்தது.

கதிர்வேலுச்சாமி தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான் பண்றீங்க. பழகியிருக்கறீங்க, தெரியுது. ஆனா சொன்னாக் கோவிச்சுக்காதீங்க, பாத்த ஒடனே காப்பின்னு தெரிஞ்சு போயிருதுங்க. அசல் கையில ஒரு அடக்கம் இருக்குதுங்க. உங்க கையில கொஞ்சம் அவசரம்... ஒரு எரிச்சல், ஒரு காந்தல் தெரியுதுங்க." பிறகு ஏதோ தோன்றி, "பொம்மை வச்சிருக்கறீங்களா? பிரிக்காமத்தானே வச்சிருக்கறீங்க?" என்றார்.

"நேத்துதான் கிழிச்சேன்."

"சீலைக் கிழிச்சுட்டீங்களா!" அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்த தவசிக்கனி, கதவைச் சாத்தி, இன்னாசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"திட்டும். அடிக்கணும்னா அடியும். மொத நாளு கம்பெனியில அதப் போட்டுக் காட்டுனப்பவே எனக்குத் தெரியும், அது உம்ம கையின்னு. பெங்களூர்ல பதிவு ஒண்ணும் நடக்கல, போட்டோ மட்டுந்தான் எடுத்தான். நான் வாயத் தொறக்கல. ஆச வே. கேவலமான ஆச. எனக்கும் பேரு வரட்டுமேன்னு."

"பேருதான் வந்துட்டே. ஒலகம் பூரா."

"வந்துச்சு. கூட என்ன வந்துச்சுன்னு பாத்தீரா? என் அம்மா செத்தா. தூக்க நாலு ஆள் வரல. நானும் என் மவனும், வண்டிக்காரன் ரெண்டு பேரும் தூக்குனோம். நீரும் வரல."

அன்றைக்கு இன்னாசி தன் வீட்டில் உட்கார்ந்து, யார் யார் போகவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்.

"எடுத்துக்கிடும் வே. சத்தியமாச் சொல்லுதேன். வர்ற ஞாயித்துக்கெழம நம்ம தொழிலாளர் சங்கத்துல என்ன ஒதுக்கி வைக்கத் தீர்மானம் போடுதாங்க. நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் என் வாசல் மிதிக்கக் கூடாதுன்னு. அங்க வச்சு எழும்பி, 'அது என் கை'ன்னு ஒரு வார்த்த சொல்லும். நான் ஆமாங்கேன். கம்பெனிக்கும் எழுதிக் குடுத்துருதேன். பேரு உமக்கு. எனக்கு என் ஊரு கெடைக்கட்டும்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இன்னாசிக்குக் கால் தரையில் படவில்லை. 'இன்னாசி பதிப்பு.' பெட்டியின் மேல் தன் முகம். எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டார். செலஸ்டினிடம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப, அறுநூறு குடும்பத்துச் சோத்துல மண்ணப் போட்டது உங்க கையி."

"நான் என்ன தெரிஞ்சா செஞ்சேன்?"

"அந்த அண்ணனுந்தான் வேல போவும்னு தெரிஞ்சு செய்யல. ஊரு கேட்டுதா? சொவத்துல எழுதுனவன் கேட்டானா?" அவள் தலை நிமிரவில்லை. "பேரு வேணும்னா பேரோட வாறதும் வேணும். நாளைக்கு எனக்கொண்ணுன்னா தூக்க ஆள் வேணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க."

அவருக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். வாயைப் பொத்திக்கொள்வது. பேரும் வேண்டாம், ஏச்சும் வேண்டாம். தவசிக்கனி ஆசைப்பட்டுத் தலையில் ஏற்றிக்கொண்டான், அவனே சுமக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து பதினொரு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் கூட்டம். முந்நூறு பேருக்கு மேல். மின்விசிறி எல்லாம் ஓடியும் புழுங்கியது. தவசிக்கனியை முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இன்னாசி மூன்றாம் வரிசையில். அவன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். கறிக்கடையில் எடுபிடியாக நிற்கிறேன் என்றான் ஒருவன். மகளின் படிப்பை நிறுத்திவிட்டேன் என்றான் இன்னொருவன். "உன் கையி வெளங்காமப் போவட்டும்" என்று ஒரு பெண் மண்ணை வாரி விடுவதுபோலச் சைகை காட்டினாள். இன்னாசி தன் வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில், கூட நண்டு ஓட்டிய காளிமுத்து, "கைய வித்தவனே!" என்று கத்தினான். கூட்டமே சேர்ந்து கத்தியது. அத்தனையையும் இன்னாசி பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டார். இன்னும் கால் மணி நேரம். தீர்மானம் நிறைவேறினால் எழுந்து போய்விடலாம்.

அப்போதுதான் ரெஜினாக்கா எழுந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய முதல் பொம்பளை அவள். நண்டு வந்தபோது எல்லோருக்கும் மூத்தவள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் வாயால் 'பரவாயில்லை' என்றுகூடக் கேட்டவர்கள் ஒருத்தரும் கிடையாது. ஒரு தடவை இன்னாசி அவளிடம், "எப்பிடிக்கா இருக்கு என் வேல?" என்று கேட்டதற்கு, "கல்லு வுழல, அதுவே பெருசு" என்றவள்.

"தீர்மானத்துக்கு நானும் கை தூக்குவேன்" என்றாள் ரெஜினாக்கா. "என் பேரன் சோத்துலயும்தான் இவன் மண்ணு அள்ளிப் போட்டான். ஆனா ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துக்கிடுதேன். சொல்லாட்டா என் நெஞ்சு வேவாது." தவசிக்கனிக்கு நேராகத் திரும்பினாள். "ஏல தவசி. அந்தப் பொம்மைய நான் வீட்ல வச்சு நூறு தடவ பாத்தேன். குத்தம் கண்டுபிடிக்கத்தான் பாத்தேன். முடியல. இந்தத் துறைமுகத்துல இப்பிடி ஒரு கைய நான் கண்டதில்லல. எனக்கே கெடையாது அது."

கூட்டம் சட்டென்று அடங்கியது. ஏசிக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கையால் பிழைத்தவர்கள் அல்லவா, அத்தனை பேருக்கும் அது உண்மையென்று தெரியும். காளிமுத்துகூட, "அது வாஸ்தவம்" என்று முணுமுணுத்தான்.

இன்னாசி தொடைக்கு அடியிலிருந்து கையை உருவினார். கோயம்புத்தூர் முதலாளியும் உலகத்து அலமாரிகளும் எக்கேடு கெட்டுப் போகட்டும். ரெஜினாக்கா! ரெஜினாக்கா சொல்லிவிட்டாள், அதுவும் அவனைப் பார்த்து! பொறாமை என்றால் அதுவரைக்கும் அவர் பட்டதெல்லாம் சும்மா. இதுதான் பொறாமை. ஊர் ஒதுக்கட்டும், பாடையைத் தூக்க ஆள் வராமல் போகட்டும், அந்த ஒரு வாக்கியம் மட்டும் இன்னொருத்தனிடம் இருக்கக் கூடாது.

"அது என் கையி!" எழுந்து நின்று கத்தினார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ரெஜினாக்கா, அது என் கையிக்கா. நானும் அவனும் கூண்டு மாறி உக்காந்தோம். மூணு வருசமும் நாலாம் நம்பர்ல நான்தான் இருந்தேன். ஒயரு போவுற சந்து வழியா ஊர்ந்து போவோம்."

அப்புறம் யாரோ, "அந்தச் சந்துல எலியே மூச்சு முட்டிச் சாவும், இந்த வயித்த வச்சிக்கிட்டா?" என்றான். கட்டடம் அதிரச் சிரிப்பு.

"சத்தியமா! இங்க பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். டக் என்ற சத்தம் அந்தச் சிரிப்பில் யாருக்குக் கேட்கும்?

"என் மவ வயித்துப் பேத்தி இதவிட நல்லாச் செய்யுவா, உக்காரும்" என்றது ஒரு குரல். "கைய வித்தவன்னு பேரு வச்சதே நீருதானவே, இப்ப வித்த கை உம்மதா?" என்றது இன்னொன்று. ரெஜினாக்கா அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. பாவப்பட்டுப் பார்த்தாள். "இன்னாசி, உனக்கு அவன் மேல இருக்க காந்தல் ஊருக்கே தெரியும்ல. ஒக்காரு" என்றாள்.

"நான் சொன்னா நம்ப வேண்டாம். அவனக் கேளுங்க! வே, தவசி, சொல்லும் வே!"

தவசிக்கனி நாற்காலியிலிருந்து எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. இன்னாசியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு ரெஜினாக்காவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"இல்ல" என்றான். "என் கைதான்."

தீர்மானம் நிறைவேறியது. ஒரு ஆள் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். இன்னாசி தூக்கினாரா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை.

வெளியே வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் இன்னாசி ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தார்.

"ஏம்வே? நீருதானவே கையப் புடிச்சுக் கெஞ்சுனீரு?"

"கெஞ்சுனேன்."

"உம்ம வாசல இனிமே ஒருத்தன் மிதிக்க மாட்டான். தெரியுமா?"

"தெரியும். வீட்டுக்குப் போயி அதுக்கு அழத்தான் போறேன்." தவசிக்கனி சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. "ஆமான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ஆனா அவ சொன்னதக் கேட்டீரா? 'இப்பிடி ஒரு கைய நான் கண்டதில்ல'ன்னு. என்னப் பாத்து. ரெஜினாக்கா."

"அது என் கையப் பத்தி வே!"

"எனக்குத் தெரியாதா? உம்மளவிட எனக்கு நல்லாத் தெரியும். அந்தச் சந்துல படுத்துக்கிட்டு உம்ம திரைய எத்தன நாள் எட்டிப் பாத்திருக்கேன். ஒரு கல்லாவது இந்த மாதிரி வச்சிர மாட்டோமான்னு. நான் வச்சது எல்லாம் கோணல். உமக்கு மெமோவாத்தான் வந்துதே, பாத்திருப்பீரு." அவன் லேசாகச் சிரித்தான். பெட்டியின் மேலிருந்த சிரிப்பு மாதிரி இல்லை, கொஞ்சம் வெட்கப்பட்ட சிரிப்பு. "உமக்கு என் மேல ஒன்றர வருசப் பொறாம. எனக்கு உம்ம மேல நாலர வருசம். அந்த வார்த்தைய நான் எப்பிடிவே உமக்குத் திருப்பிக் குடுப்பேன்?"

இன்னாசியின் பிடி தானாகத் தளர்ந்தது. தவசிக்கனி சட்டையை நீவி விட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். நின்றிருந்த கூட்டம் அவன்மேல் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் விலகியது. யாரோ ஒருவர் வந்து இன்னாசியின் தோளில் தட்டி, "விடும்வே, யாருக்குத்தான் பொறாம இல்ல. வாரும், ஒரு டீ சாப்பிடுவோம்" என்று ஆறுதல் சொன்னார்.

காளிமுத்து காறித் துப்பினான். தவசிக்கனியின் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல், கல்யாண வீட்டுக்குள் போகிறவன்போல நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தான்.

இன்னாசிக்கு அந்த எச்சிலைப் பார்க்கவும் பொறாமையாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அது அவருடைய காலடியில் விழுந்திருக்க வேண்டும்.